குடியிருக்க ஒரு கோயில்

வீடு பறிபோன ஒரு பெண், இரவு வேளையில், ஊர்ப் பூங்காவின் பெஞ்சு ஒன்றில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சூதாட்டத்தில் கையிலிருந்ததையும் கையில் இல்லாததையும் தோற்றுவிட்டு, மகளுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கடன்காரர் கண்ணில் படாமல் ஓடிப்போன தகப்பனை நினைத்து அழுவதற்குக்கூட அவளுக்கு அவகாசமில்லை. இன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்ற கேள்வி அழுகையை முந்திக்கொண்டு நிற்கிறது. அந்தச் சமயத்தில், நாய் ஒன்றுக்கு அஞ்சி மரத்தைக் கட்டிக்கொண்டு தவிக்கும் மூக்குக் கண்ணாடிக்காரர் ஒருவரைக் கண்டு, தன் துயரத்தை ஒரு கணம் மறந்து எழுந்து சென்று நாயை விரட்டி விடுகிறாள். அவர் பக்கத்தில் வந்து அமர்ந்து, அவள் கதையையெல்லாம் கேட்டு, தாமும் வீட்டை விட்டு வந்து நெடுங்காலமாயிற்று என்று சொல்லி, அந்த வீடு தம்மைவிட அவளுக்கே பொருந்தும் என்று கூறிக் குனிந்து அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்து, வழி எழுதிய காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். முன்பின் அறியாதவர் தந்த முகவரியை நம்பிப் போகலாமா என்று யோசிக்கும் பாக்கியம், போவதற்கு வேறிடம் உள்ளவர்களுக்கு மட்டுமே உண்டு. அவள் போகிறாள். அங்கே வீடு இல்லை. பாழடைந்த கோயில் ஒன்று இருக்கிறது.

‘கமிசாமா ஹஜிமேமாஷிதா’ என்ற ஜப்பானிய அனிமே தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. ஜூலியெட்டா சுசுகி என்ற ஓவியக் கதாசிரியை, இளம்பெண்களுக்கென்றே நடைபெறும் ‘ஹனா டு யூமே’ பத்திரிகையில் 2008 முதல் 2016 வரை எழுதி, 25 தொகுதிகளாக நிறைவுற்ற மங்கா இதற்கு மூலம். அகிதாரோ டைச்சி இயக்க, டி.எம்.எஸ். நிறுவனம் உருவாக்கிய முதற் பருவத்தின் 13 அத்தியாயங்கள் 2012 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒளிபரப்பாயின. இரண்டாம் பருவத்தின் 12 அத்தியாயங்கள் 2015-இல் வந்தன. கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள், “பெரியப்பா, ஒரே ஒரு எபிசோட் பாருங்க, பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கணினியைத் திருப்பி வைத்தாள். அன்றிரவு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி பத்தரை. அந்த வாரத்துக்குள் முதற் பருவம் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டேன். இரண்டாம் பருவத்தை இன்னும் தொடங்கவில்லை. ஆகையால் இங்கே எழுதுவது, ஓர் ஊருக்குப் புதிதாக வந்து இறங்கியவன் முதல் சில தினங்களில் கண்டவற்றின் மேல் கொள்ளும் அபிப்பிராயமேயன்றி, அவ்வூரிலேயே பல காலம் வாழ்ந்தவனுடைய தீர்ப்பன்று.

தலைப்பிலேயே ஒரு நயம் இருக்கிறது. கோடைக்காலம் பிறந்தவுடன் ஜப்பானிய உணவுக் கடைகள், ‘குளிர்ந்த நூடுல்ஸ் தொடங்கியாயிற்று’ என்று பொருள்படும் அறிவிப்பைக் கடை முகப்பில் தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கம். அந்த வாசகத்தின் வாய்பாட்டிலேயே, ‘தெய்வம் தொடங்கியாயிற்று’ என்று இக்கதைக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நெற்றியில் விழுந்த முத்தம், ஒரு ஸ்தலத்தின் தெய்வ பதவியை நானாமி மோமோசோனோ என்ற அந்தப் பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்த முத்திரை. பூங்காவில் கண்ட மனிதர் மிகாகே என்ற ஊர்த் தெய்வம். அவர் விட்டுவந்த ‘வீடு’ அவருடைய கோயில். நேற்றுவரை பள்ளி மாணவியாக இருந்த ஒருத்தி இன்று க்ஷேத்திரபாலகி ஆகிவிடுகிறாள்; ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது தெய்வத்தன்மை அல்ல, தலைக்கு மேல் ஒரு கூரை. இந்தத் தொடரை மற்றக் காதற் கதைகளினின்றும் நான் பிரித்து மதிப்பதற்கு முதற் காரணம் இதுவே. அமானுஷ்யக் காதல் என்றால் நிலவு, மூடுபனி, நூற்றாண்டு கடந்த ஏக்கம் என்று ஆகாயத்திலேயே மிதந்துகொண்டிருப்பது பெருவழக்கு. இங்கே அது வாடகை கொடுக்க முடியாத ஒரு பெண்ணின் வயிற்றுக் கவலையிலிருந்து, கூட்டிப் பெருக்கப்படாத ஒரு முற்றத்திலிருந்து முளைக்கிறது.

கோயில் வாசலில் அவளை எதிர்கொள்பவன் தொமொயே. நரைத்தாற்போல வெளுத்த கூந்தல், அதனிடையே நிமிர்ந்து நிற்கும் இரண்டு நரிக்காதுகள், பின்னால் ஒரு வால், கையில் விசிறி. மிகாகேதான் திரும்பி வந்துவிட்டார் என்று எண்ணிப் பாய்ந்து வரும் அவனுடைய முதல் தோற்றம், பக்தன் தெய்வத்தைக் கண்டு கைகூப்பும் தோற்றமன்று. இருபது வருஷ காலம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட ஒருவர்மேல், காத்திருந்தவன் கொள்ளும் கோபாவேசம். அந்தக் கோபத்தில் நான் ஒரு கணம் திகைத்துப் போனேன். பிரிவைச் சித்திரிக்கும் கலைஞர்கள் பெரும்பாலும் கண்ணீரைக் காட்டுவார்கள். காத்திருந்து காத்திருந்து அன்பே புளித்துக் கடுமையாகிவிடும் நிலையைக் காட்டுபவர் சிலர். வந்து நிற்பவள் ஒரு மானிடப் பெண் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் கோபம் வடிந்து இகழ்ச்சி ஏறுகிறது. ஆனால் கோபம் வடியும் அந்த இடைவெளியில், அவன் காதுகள் இரண்டும் ஒரு நொடி தாழ்ந்து மறுபடி நிமிர்வது போல எனக்குத் தோன்றிற்று. என் தம்பி மகளோ, “அப்படியெல்லாம் ஒண்ணும் வரையலை, பெரியப்பா, நீங்களா நெனச்சுக்கிறீங்க” என்கிறாள். இருக்கலாம். கண்ணுக்கு இல்லாததையும் மனத்துக்குக் காட்டிவிடுகிற சித்திரம் அது என்பதே என் கட்சி.

ஜப்பானில் ஏறத்தாழ 80,000 ஷிந்தோ ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, வயலோரத்திலும் மலைச்சரிவிலும் இரண்டு பெரிய வீட்டுக் கட்டடங்களுக்கு நடுவிலும் ஒடுங்கி நிற்கும் சிற்றாலயங்கள்; தனக்கென ஒரு பூசாரி இல்லாமல், பல கோயில்களை ஒருவரே பார்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளவை ஏராளம். வழிபட வருகிறவர் தோரீ என்ற வாயிலைக் கடந்து, சுத்தம் செய்துகொள்ளும் நீர்த்தொட்டியில் கையையும் வாயையும் நனைத்து, காணிக்கைப் பெட்டியில் ஒரு நாணயத்தை இட்டு, இரு முறை வணங்கி, இரு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை வணங்கிச் செல்வார். நடுவில் துளையுள்ள ஐந்து யென் நாணயம் அதற்கு விசேஷமானது. ஐந்து யென் என்பதை ‘கோ-என்’ என்று சொல்வார்கள், ‘பந்தம்’ என்பதை மரியாதையுடன் சொன்னாலும் ‘கோ-என்’ என்றே ஒலிக்கும். அந்தக் கைதட்டலைக் கேட்பதற்கு ஆள் இல்லாத கோயில் என்னவாகும் என்பதுதான் சுசுகியின் கற்பனை புறப்பட்ட இடம் என்று ஊகிக்கிறேன். மிகாகேயின் கோயிலில் இருபது ஆண்டுகளாக அதைக் கேட்டுவந்தவர்கள் தொமொயேயும், முகமூடி அணிந்த குழந்தைகள் போன்ற ஒனிகிரி, கொதேட்சு என்ற இரண்டு ஒளியாவிகளும்தாம். தெய்வம் இல்லாத இடத்தில் தெய்வத்தின் சேவகன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நரி சேவகன் என்பதும் கதாசிரியையின் புதுச் சரக்கன்று. நெல்லுக்கும் செழிப்புக்கும் உரிய இனாரி தெய்வத்தின் ஆலயங்களில், வாயிலின் இருபுறமும் கல்நரிகள் அமர்ந்திருக்கும். ஒன்று களஞ்சியத்தின் திறவுகோலையும் மற்றொன்று மணியையோ ஏட்டுச்சுருளையோ கவ்விக்கொண்டிருக்கும். கியோட்டோவிலுள்ள, 711-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் ஃபுஷிமி இனாரி ஆலயத்தில் மலை முழுவதும் ஏறிச் செல்லும் செந்நிறத் தோரீ வாயில்களின் படத்தைப் பார்த்திராதவர்கள் குறைவு. அங்கெல்லாம் நரி தெய்வமன்று, தூதன். கிராமத்து மனத்திலோ நரிக்கு வேறொரு முகமும் உண்டு: மயக்குவது, உருமாறுவது, ஆளைப் பிடித்துக்கொள்வது. தொமொயே இவ்விரண்டு முகங்களும் ஒன்றாய்ச் சேர்ந்தவன். முன்னொரு காலத்தில் யாருக்கும் அடங்காத காட்டுநரியாய்த் திரிந்து, பின்னர் மிகாகேயின் அருளால் கோயிற் சேவகனானவன். அவன் பரிமாறுகிற சோற்றிலும் அந்தப் பழைய காட்டின் வாசனை முற்றிலும் போய்விடவில்லை.

இந்த இடத்தில் பழங்கதைகளை நினைக்காமலிருக்க என்னால் முடியவில்லை. மனிதரும் மனிதரல்லாதாரும் காதலிக்கும் கதைகளுக்கு ஜப்பானில் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே பாதையில் நடப்பவை. ஆண் மனிதன், பெண் வேற்றினம். அவள் தன் இயல்பை மறைத்து மனைவியாக வருகிறாள், குடும்பம் செழிக்கிறது, பார்க்கக் கூடாததைக் கணவன் பார்த்துவிடுகிறான், அல்லது சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறான், அவள் போய்விடுகிறாள். நாரை மனைவி, தறியறையின் கதவு திறக்கப்பட்டதும் பறந்து போகிறாள். கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, 1890-இல் ஜப்பானுக்கு வந்து, மட்சுயே நகரில் ஆசிரியராயிருந்து, அந்நாட்டுப் பெண்ணையே மணந்து வாழ்ந்த லாஃப்கேடியோ ஹெர்ன் 1904-இல் வெளியிட்ட ‘க்வைதான்’ தொகுதியிலுள்ள பனிப்பெண், பத்துக் குழந்தைகளைப் பெற்ற பிறகும், கணவன் ஓர் இரவு வாய் தவறிப் பழைய ரகசியத்தைச் சொல்லிவிட்டதனால் மூடுபனியாய்க் கரைந்து கூரைப் புகைத்துளை வழியே மறைகிறாள்.

இவர்களெல்லாரினும் நெஞ்சை அறுப்பவள் குசுனோஹா. வேடர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய அபே நோ யசுனா என்பவனுக்கு, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் உருவத்திலேயே வந்து மனைவியாகி ஒரு மகனையும் பெற்றெடுத்த வெண்ணரி அவள். அந்த மகனே பிற்காலத்தில் பெரும் சோதிட மாந்திரிகனாய்ப் புகழ்பெற்ற அபே நோ செய்மெய் என்பது ஐதிகம். 1734-இல் ஒசாகாவின் டகேமோட்டோ பொம்மலாட்ட அரங்கில் டகேடா இஸுமோவின் நாடகமாக இக்கதை மேடையேறி, பின்பு கபுகியிலும் நிலைபெற்றது. உண்மையான குசுனோஹா ஒரு நாள் வாசலில் வந்து நிற்கிறாள். நரித்தாய் போயாக வேண்டும். போகுமுன், உறங்கும் குழந்தையைக் கையில் ஏந்தியபடியே, காகிதக் கதவின் மேல் ஒரு விடைப்பாடலை எழுதுகிறாள். கபுகி நடிகர் முதலில் வலக்கையால் எழுதுவார். குழந்தை சிணுங்கும், கை மாற்றிக்கொண்டு இடக்கையால் எழுதுவார். இரண்டு கையும் குழந்தைக்கு வேண்டியிருக்கும்போது தூரிகையைப் பல்லால் கவ்வி எழுதுவார். மனித உருவம் கைநழுவிக்கொண்டிருக்கும் ஒரு தாயை இதைவிட எளிய சாதனத்தால் ஒருவர் காட்டிவிட முடியுமா என்பது சந்தேகம்.

‘கமிசாமா’ இந்தப் பாதையை அப்படியே திருப்பிவிடுகிறது. இங்கே மனிதப் பிறவி பெண், நரி ஆண். அவன் எதையும் மறைப்பதில்லை. காதும் வாலும் முதற் காட்சியிலேயே வெளியில் இருக்கின்றன. எனவே, உண்மை வெளிப்பட்டுவிடுமோ என்ற பழைய அச்சத்துக்கு இக்கதையில் இடமே கிடையாது. அந்த அச்சம் வெளியேறிய இடத்தில் வேறொரு கேள்வி குடியேறுகிறது: யார் நிலைத்திருப்பார்கள்? நானாமி ஓடிப்போன தகப்பனின் மகள். தொமொயே ஓடிப்போன தெய்வத்தின் சேவகன். இருவரும் ஒரே வகையில் கைவிடப்பட்டவர்கள். ஆகையால் ஒருவர் வெளியே கிளம்பும்போது மற்றவர் முகத்தில் தோன்றும் சாயை, காதலின் சாயையாக மாறுவதற்கு முன்பே, மறுபடியும் ஒருமுறை தனியாக விடப்பட்டுவிடுவோமோ என்ற கிலியின் சாயையாக இருக்கிறது. காதலர்கள் ஒருவரையொருவர் அழகால் கவர்வதைக் காட்ட எல்லாராலும் ஆகும். ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்ற நிச்சயம் மற்றவருக்கு மெல்ல மெல்ல ஒரு பழக்கமாகி, அந்தப் பழக்கம் தம்மை அறியாமலே பிரேமையாகத் திரண்டு நிற்பதை, சோறு, துடைப்பம், பள்ளிக்கூடம், மாலையில் திரும்பி வரும் நேரம் ஆகிய இவற்றைக் கொண்டே காட்டியிருப்பது இத்தொடரின் தனிச் சிறப்பு.

மனிதருக்குப் பிறந்தவளுடைய ஆயுள் சிறியது, நரியினுடையது நெடியது என்பதும் உடனிருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மானிடப் பெண் அவன் வாழ்வில் இருந்தாள் என்ற செய்தியை முதற் பருவம் ஒரு கீற்றளவே திறந்து காட்டுகிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் சதுப்பு நிலத்து நீர்நிலையின் இளவரசி, பத்து ஆண்டுகளுக்கு முன் சிறுவனாய்த் தான் கண்ட கொதாரோவை மறக்கமாட்டாமல், தன் கெளுத்தி மீன் வடிவத்தை எண்ணி நாணி, அவனை ஒரு முறை பார்க்க வழி செய்யும்படி நானாமியிடம் வந்து விண்ணப்பிக்கும் கிளைக்கதையில், தொமொயே அதை வன்மையாக எதிர்ப்பதைக் கவனிக்க வேண்டும். வேற்றினக் காதல் விளங்காது என்று அவன் கூறுவது சட்டம் பேசுகிறவனின் குரலில் அன்று. அந்தப் பாதையில் ஒருமுறை போய்க் காலைக் கிழித்துக்கொண்டு வந்தவனின் குரலில்.

இனி, எனக்குத் தயக்கம் உண்டாக்கிய விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தெய்வத்துக்கும் சேவகனுக்கும் இடையிலான உடன்படிக்கை, முத்தத்தால் முத்திரையிடப்படுவது. மானிடப் பெண்ணுக்கு ஊழியம் செய்யமாட்டேன் என்று மாயலோகத்துக்குக் கிளம்பிவிட்ட தொமொயேயைத் தேடிச் சென்று, பிசாசுக் கிழவி ஒருத்தியால் துரத்தப்பட்டு, உயரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும் நானாமியைப் பார்த்து, தன்னிடம் மன்றாடினால் காப்பாற்றுவதாக அவன் ஏளனமாகக் கூறுகிறான். அவள் மன்றாட மறுக்கிறாள். கீழே விழுகிற அந்த வேகத்திலேயே அவனைப் பற்றி இழுத்து முத்தமிட்டு அவனைத் தன் சேவகனாக்கிக்கொள்கிறாள். அந்தக் கணத்தின் துணிவு அபாரமானதுதான்; என் அருகில் இருந்தவள் கைதட்டியேவிட்டாள். என்றாலும், ஒருவருடைய சம்மதம் கேளாமல் அவரைக் கட்டிப்போடுகிற காரியமும் அதுவே அல்லவா? அன்றுமுதல் அவள் வாயிலிருந்து வரும் கட்டளைக்கு அவன் உடல் தானாகவே பணிகிறது. அவள் யோசியாமல் சொல்லிவிட்ட சொல்லும் அவனைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

ஜப்பானியர் இதனைக் ‘கொதொதாமா’ என்ற பழம் நம்பிக்கையோடு சேர்த்துக் காண்பார்கள்: சொல்லுக்குள் ஓர் ஆவி உறைகிறது, உச்சரிக்கப்பட்டது நிகழும் என்பது அதன் சாரம். இன்றைக்கும் அவர்கள் கல்யாணத்தில் வாழ்த்துரை வழங்குபவர், ‘வெட்டு’, ‘பிரி’, ‘திரும்பிப் போ’ என்ற பொருளுள்ள வினைகளை நாக்கில் வராமல் காத்துக்கொள்வார். அந்த நம்பிக்கையைக் கதை விளையாட்டாகப் பயன்படுத்துகிற இடங்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் போகப்போக நானாமியே அந்த அதிகாரத்தைக் கண்டு கூசுகிறாள். கட்டளையின் பேரில் வருகிறானா, தானாக வருகிறானா என்று தெரியாத நிலையில் அவன் காட்டும் பரிவை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. அந்தக் கூச்சத்தைக் கண்டபோதுதான் நான் இத்தொடரை முழு மனத்தோடு நம்பத் தொடங்கினேன்.

முதற் பருவத்தில் என்னை மிகவும் ஆட்கொண்ட பகுதி, காதலர் இருவரையும் பற்றியதன்று. மிஸுகி என்ற வெண்பாம்பைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அருவருத்து விரட்டுகிற வெள்ளைப் பாம்பொன்றை நானாமி இரங்கிக் காப்பாற்றுகிறாள். அது அவள் மணிக்கட்டில் ஒரு குறியை விட்டுச் செல்கிறது. அது மணக்குறி என்பது பின்னால் தெரியவருகிறது. அவளைக் கவர்ந்துபோகும் மிஸுகி, யோனோமோரி என்னும் பெண் தெய்வத்தின் கோயிலுக்குச் சேவகன். பூத்துக் குலுங்கும் ப்ளம் மரம், விளக்கு, பணிவிடை எல்லாம் அங்கே இருக்கின்றன. தெய்வம் மட்டும் இல்லை. அந்தக் கோயில் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. அணை கட்டினார்கள், கிராமம் மூழ்கிற்று, வழிபட வருகிறவர் நின்றுபோயினர், நினைப்பவர் இல்லாத தெய்வம் மெல்ல மெல்ல இல்லாமலே போயிற்று. அதற்குப் பிறகும் இந்தப் பாம்பு மட்டும் விளக்கேற்றிக்கொண்டு, நீருக்கடியில் தன்னந்தனியாக இருக்கிறது.

ஜப்பானில் இது வெறுங்கற்பனை அல்ல. தோக்கியோ மாநகரின் குடிநீருக்காக 1957-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒகோச்சி அணையின் நீர்த்தேக்கத்தில் ஒகோச்சி என்ற மலைக் கிராமத்தின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் ஒகுதாமா ஏரியின் அழகைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். போருக்குப் பிந்திய பல்லாண்டுகளில் இப்படி எத்தனையோ பள்ளத்தாக்குகள் நீரால் நிரப்பப்பட்டன. மக்களுக்கு மாற்றிடம் கொடுக்கலாம், கோயிலையும் பெயர்த்து மேட்டில் வைக்கலாம். ஆனால் அந்த ஆற்றுக்கும் அந்த வயலுக்கும் உரிய தெய்வமாயிருந்தவர், ஆறும் வயலும் போன பின்பு எதற்குத் தெய்வம்? இளம்பெண்கள் வாசிக்கும் காதற்கதையின் நடுவில் இக்கேள்வியை ஓசைப்படாமல் வைத்திருக்கிறாள் அந்த ஆசிரியை. மிஸுகி செய்வது குற்றம்தான். ஒரு பெண்ணை அவள் விருப்பமின்றி அடைத்துவைப்பதை எந்தத் துயரமும் நியாயமாக்கிவிடாது, கதையும் அதை நியாயமாக்க முயலவில்லை. ஆயினும் அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இங்கேயே இரு. தொமொயே இருபது ஆண்டுகள் வாய்விட்டுக் கேட்காமல் அடக்கிவைத்திருந்த வார்த்தையும் அதுதான். இரண்டு சேவகர்களையும் எதிரெதிரே நிறுத்தும்போது, ஒருவன் மற்றவனுடைய பிரதிபிம்பம் என்பது விளக்கம் எதுவுமில்லாமலே விளங்கிவிடுகிறது.

குறைகள் இல்லாமலில்லை. டைச்சி ஹாஸ்யத்தில் கைதேர்ந்தவர். 2001-இல் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ என்ற புகழ்பெற்ற தொடரை முதன்முதலாக இயக்கியவரும் அவரே. ஆனால் ஒரு துயரமான வார்த்தை மனத்தில் படிவதற்குள், உருவங்களைக் குறளராக்கிக் கண்களைப் புள்ளியாக்கி ஒரு வேடிக்கையைச் செருகிவிடுகிற அவசரம் அவரிடம் இருக்கிறது. சில இடங்களில் அது அழகாய்ப் பொருந்துகிறது. பல இடங்களில், கண்ணீர் வருமுன் கைக்குட்டையை நீட்டுவதுபோல ஆகிவிடுகிறது. பாட்டுக்காரனாய் ஊரை மயக்கிவரும் குராமா என்ற டெங்கு ஆவி, வருகிற வேகத்துக்குத் தகுந்த ஆழம் பெறவில்லை. சித்திரங்களிலும் சிற்சில இடங்களில் சிக்கனம் தெரிகிறது. இவற்றுக்கெல்லாம் ஈடுசெய்வது குரல்கள்: தொமொயேக்குக் குரல் தந்த ஷின்னோசுகே டச்சிபானா, இகழ்ச்சிக்கும் அக்கறைக்கும் இடையேயுள்ள மயிரிழைத் தூரத்தைக் குரலின் தாழ்விலேயே நடந்து காட்டுகிறார், நானாமியாகப் பேசும் சுசுகோ மிமோரியின் குரலில், பசித்திருந்தவளின் பிடிவாதம் கேட்கிறது. ஹனாயே பாடும் தொடக்கப் பாட்டு, சிறு குழந்தை தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வதுபோல் மெல்லியதாய், ஒருமுறை கேட்டால் நாள் முழுவதும் நாவை விட்டு இறங்காததாய் இருக்கிறது.

இரண்டாம் பருவத்தில் நானாமி, தெய்வங்களின் மகாசபைக்காக இஸுமோவுக்குப் போகிறாள் என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன். பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தை ஜப்பானியர் ‘தெய்வமில்லாத மாதம்’ என்பர். நாட்டிலுள்ள தெய்வங்கள் யாவும் அம்மாதத்தில் இஸுமோவில் கூடிவிடுவதனால், இஸுமோவில் மட்டும் அதற்குத் ‘தெய்வமுள்ள மாதம்’ என்று பெயர். கூடி என்ன செய்கின்றன? வரும் ஆண்டில் யார் யாரோடு சேர வேண்டும் என்ற பந்தங்களை முடிச்சுப் போடுகின்றன என்பது நம்பிக்கை. அந்தக் கோயிலின் தலைவர் ஓகுனினுஷி, இல்லறப் பந்தங்களுக்கு அதிதேவதை. அங்கே மற்றக் கோயில்களைப்போல் இரு முறை அன்றி, நான்கு முறை கைதட்டி வணங்குவார்கள். நம் வாசகர்களுக்குச் சுவையான ஒரு செய்தி: ஓகுனினுஷியின் பெயரெழுத்துகளை ‘டைகோகு’ என்றும் படிக்கலாமாகையால், பௌத்தத்தோடு பாரதத்திலிருந்து சீனம் வழியாக அங்கே சென்ற மகாகாளரின் ஜப்பானிய வடிவமான டைகோகுவோடு அவரை ஒன்றாக்கிவிட்டார்கள், நம் நாட்டில் உக்கிர மூர்த்தியாய் நின்றவர், அங்கே அரிசி மூட்டைகளின் மேல் சிரித்த முகத்தோடு, கையில் செல்வம் தரும் சுத்தியலோடு நிற்கிறார். நான் மேலே பந்தம் என்று சொன்ன ‘என்’ என்ற எழுத்தும் பௌத்த நூல்களில் ‘பிரத்யயம்’ என்ற வடசொல்லை மொழிபெயர்க்க ஆளப்பட்டதுதான். ருணானுபந்தம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சோடு சொல்லும் சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் வசிக்கும் சொல் அது.

முதற் பருவத்தின் முடிவு ஒரு திருவிழா. ஆள் வராத கோயிலுக்கு ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று தீர்மானித்து, நானாமி காகுரா என்ற தெய்வ நடனத்தைப் பயில்கிறாள். கால் தவறுகிறது, விசிறி நழுவுகிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி ஆடுகிறாள். காகுராவின் தோற்றத்தைப் பற்றி ஜப்பானியப் புராணம் கூறுவது இது: சூரிய தேவியான அமதேராசு சினந்து குகைக்குள் ஒளிந்து கல்லால் வாயிலை மூடிக்கொண்டபோது உலகம் இருளில் மூழ்கிற்று, அமே நோ உசுமே என்ற தேவி குகையின் முன் ஆடிய ஆட்டத்தையும், அதைக் கண்டு தேவர்கள் எழுப்பிய சிரிப்பொலியையும் கேட்டுத்தான் அவள் கல்லைச் சற்றே நகர்த்தி வெளியே எட்டிப் பார்த்தாள். போய்விட்டவரைத் திரும்பி வரச் செய்வதற்காகப் பிறந்த நடனம். இருபது ஆண்டுகளுக்கு முன் போன ஒருவரின் கோயில் முற்றத்தில், விளக்குகளுக்கு நடுவில், தகப்பன் போன இடம் தெரியாத பெண்ணொருத்தி அதை ஆடுகிறாள். ஊர் ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறார்கள். நரி ஓர் ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்; அவன் கண் வாயிலின் பக்கம் திரும்பவே இல்லை.